பாட்டுச் சேகரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், அலுவல்கள் முடிந்த பிறகு உறுப்பினர் ஒருவர் பேசியது. பேச்சு நடை அதிகம் மாறாமல் தந்திருக்கிறோம்.)



நம் கூட்டத்தில் வழக்கமாகத் தண்ணீர் லாரி, லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம் பற்றித்தான் பேசுவோம். இன்று அவற்றையெல்லாம் முடித்துவிட்டு எனக்கு அரை மணி நேரம் தந்திருக்கிறீர்கள். செயலாளருக்கு நன்றி. எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி.

போன மார்கழியில் இரண்டாவது மாடியில் இருக்கும் இளம் தம்பதி என்னிடம் வந்தார்கள். "சார், கர்நாடக சங்கீதம் கேட்க ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். எதைச் சேர்த்து வைக்கணும்னு ஒரு லிஸ்ட் குடுங்க" என்றார்கள். எனக்கு ஒரே உற்சாகம். அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். அறுபத்திரண்டு பெயர் வந்தது. காலையில் எடுத்துப் படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். ஏன் கிழித்தேன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. நான் வித்வான் இல்லை. எனக்குப் பாடத் தெரியாது. நம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன். பஞ்சு பேல் வந்து இறங்கினால் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு அப்படியே மெஷினுக்கு அனுப்ப மாட்டோம். ஒவ்வொரு பேலிலும் ஒரு கைப்பிடி பிடுங்குவோம். விரலால் இழுத்து இழை நீளம் பார்ப்போம். பிறகுதான் மற்றதெல்லாம். பாட்டு விஷயத்தில் மட்டும் நான் பல வருஷம் சீட்டை நம்பி வாங்கியவன்.

பெரிய பெயர் என்றால் வாங்குவேன். பிறகு பென் டிரைவ் காலம் வந்தது. ஆறாயிரம் பாட்டு ஒரே பென் டிரைவில் என்று ஒருவர் விற்றார். வாங்கினேன். மூன்று வருஷத்தில் அதில் நாற்பது பாட்டு கேட்டிருப்பேனா, சந்தேகம்தான். ஆறாயிரம் இருக்கிறது என்ற நினைப்பே கேட்கவிடாமல் செய்துவிடுகிறது. ஒன்றைப் போட்டால் அடுத்தது இதைவிட நன்றாக இருக்குமோ என்று கை போகிறது.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: பத்துப் பதிவுகள் போதும். ஆனால் அந்தப் பத்தையும் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

ஏற்கெனவே தெரிந்த பாட்டிலிருந்து தொடங்குங்கள்

"எங்களுக்கு ஒன்றுமே தெரியாது" என்று சொல்லாதீர்கள். "குறை ஒன்றும் இல்லை" தெரியாதவர் இங்கே யார்? ராஜாஜி எழுதியது, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது என்பது எல்லாருக்கும் தெரியும். மெட்டமைத்தவர் கடையநல்லூர் வெங்கடராமன் என்பது பலருக்குத் தெரியாது. கடையநல்லூர் எங்கே இருக்கிறது? நம் ஸ்டேஷனில் செங்கோட்டை ரயில் ஏறினால் சங்கரன்கோவில் தாண்டி வரும் ஊர்.

அந்தப் பாட்டு மூன்று ராகங்களில் அமைந்தது. சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி. இன்று இரவு மறுபடி கேட்டுப் பாருங்கள். முதலில் கொஞ்சம் ஏங்குகிற மாதிரி போகும். நடுவில் ஓர் இடத்தில் முகம் மாறும். அங்கே காபி வந்துவிட்டது. பெயர் தெரியாவிட்டாலும் மாறியது உங்கள் காதுக்குத் தெரியும்.

அந்தக் காபியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பதிவுக்குப் போங்கள். புரந்தரதாசரின் "ஜகதோத்தாரணா" காபிதான். அதே எம்.எஸ். பாடியது கிடைக்கிறது. பாபநாசம் சிவனின் "என்ன தவம் செய்தனை" அதுவும் காபி. பலர் பாடியிருக்கிறார்கள், யாராவது ஒருவருடையதை எடுங்கள். பிறகு தியாகராஜரின் "இந்த சௌக்ய". அதுவும் காபி. நான்கு பாட்டு, நான்கு பேர் இயற்றியது, கன்னடம், தமிழ், தெலுங்கு என்று மூன்று மொழி, ஆனால் ஏதோ ஒன்று பொதுவாக இருப்பது உங்களுக்கே கேட்க ஆரம்பிக்கும். யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சேகரிப்பு தொடங்கிவிட்டது.

இன்னொரு வழி நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவை. நம் பக்கம் மார்கழி மாதம் அந்த முப்பது பாசுரமும் காதில் விழாமல் வளர்ந்தவர்கள் குறைவு. பக்திக்காகக் கேட்பவர்கள் அப்படியே கேட்கட்டும். நான் இங்கே காதுக்காகச் சொல்கிறேன். வார்த்தைகள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் கவனம் முழுவதையும் இசையில் வைக்கலாம்.

இன்று கச்சேரி மேடையில் பாடும் திருப்பாவை மெட்டுகள் பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. முதல் ஐந்து பாசுரங்களுக்கு அவர் வைத்த ராகங்களைப் பாருங்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளும் இதே ஐந்து ராகங்கள், இதே வரிசைதான். திருவையாற்றில் ஆராதனையன்று எல்லா வித்வான்களும் சேர்ந்து பாடுகிறார்களே, அவைதான். ஆக, எம்.எல். வசந்தகுமாரி பாடிய திருப்பாவைப் பதிவை வாங்கி, தினம் ஒரு பாசுரம் என்று ஐந்து நாள் கேட்டுவிட்டு, ஆறாம் நாள் பஞ்சரத்னத்தைப் போடுங்கள். முன்பு ஒரே இரைச்சலாகத் தோன்றியது இப்போது தெரிந்த தெருவாக இருக்கும்.

சினிமாப் பாட்டு வழியாக வருகிறேன் என்பவர்களும் வரலாம். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாடிய "சிங்கார வேலனே தேவா" ஆபேரி ராகம். அதில் நாகசுரம் வாசித்தவர் காருக்குறிச்சி அருணாசலம். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ஒரு பாட்டை மூன்று பேரிடம் கேளுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறு, ஒவ்வொரு வித்வானிடமும் ஒரு சி.டி. என்று வாங்குவது. அதில் ஒப்பிடுவதற்கு எதுவுமே இருக்காது. ஒரே பாட்டை, அல்லது ஒரே ராகத்தை, மூன்று பேரிடம் வாங்குங்கள். "வாதாபி கணபதிம்" எடுத்துக்கொள்ளுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனை, ஹம்சத்வனி ராகம். அந்த ராகத்தை உருவாக்கியவர் தீட்சிதரின் அப்பா ராமசுவாமி தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தது எங்கே? கோவில்பட்டி பக்கம் எட்டயபுரத்தில். அவர் சமாதி அங்கே இருக்கிறது, பார்க்காதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள்.

ஜி.என். பாலசுப்பிரமணியம் பாடிய வாதாபியையும் எம்.எஸ். பாடியதையும் பாலமுரளிகிருஷ்ணா பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். யார் சிறந்தவர் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். யார் எங்கே நிற்கிறார், யார் எங்கே ஓடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். மூன்றில் எது மறுபடி கேட்கத் தோன்றுகிறதோ, அவர்தான் உங்களுடைய முதல் பாடகர். அவருடைய பதிவில் இன்னும் இரண்டு வாங்குங்கள்.

இன்னொரு நல்ல முறை, குருவையும் சீடரையும் ஜோடியாக வாங்குவது. அரியக்குடியும் கே.வி. நாராயணசாமியும். ஜி.என்.பி.யும் எம்.எல்.வி.யும். மதுரை மணி ஐயரும் அவர் மருமகன் டி.வி. சங்கரநாராயணனும். நாகசுரத்தில் ராஜரத்தினம் பிள்ளையும் காருக்குறிச்சியும். சீடர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்று தெரியும்போது இரண்டு பேருமே நன்றாகப் புரிகிறார்கள். கே.வி.என். பாடிய "வருகலாமோ" கேட்காதவர்கள் கேளுங்கள். மாஞ்சி ராகம், கோபாலகிருஷ்ண பாரதி பாட்டு. அவசரமே இல்லாத ஒரு மனிதர் வாசலில் நின்று அனுமதி கேட்பது போல இருக்கும்.

ஸ்டூடியோவா, கச்சேரியா?

இதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிய வேண்டும். இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. கௌஹர் ஜான் பாடினார். அந்த 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும். மேடையில் ஒரு மணி நேரம் பாடுபவர்கூட அந்த மூன்றரை நிமிஷத்துக்குள் ராகத்தைச் சுருக்கித் தர வேண்டும். அதனால் பழைய இசைத்தட்டில் எல்லாம் வேகமாக இருப்பதாகத் தோன்றினால் ஆச்சரியப்படாதீர்கள். செங்கோட்டை கிட்டப்பா 1933-லேயே இளவயதில் மறைந்துவிட்டார். அவர் குரல் நமக்குக் கிடைப்பது இந்த இசைத்தட்டுகளால்தான். வீணை தனம்மாள் வாசிப்பும் அப்படித்தான். சத்தத்தில் கரகரப்பு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிஷத்தில் காது அதை ஒதுக்கிவிடும்.

பிறகு எல்.பி. வந்தது, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல். அடுத்து கேசட், அறுபது நிமிஷம், தொண்ணூறு நிமிஷம். அதற்கப்புறம் சி.டி. இப்போது எல்லையே இல்லை.

ஸ்டூடியோப் பதிவில் சுத்தம் இருக்கும். பாட்டைக் கற்றுக்கொள்ள, வார்த்தையைக் கேட்க அது நல்லது. ஆனால் கர்நாடக இசையின் உயிர் கச்சேரியில் இருக்கிறது. பாடகர் ஒன்று பாட, வயலின்காரர் அதைத் திருப்பித் தர, அதைக் கேட்டுப் பாடகர் வேறு பக்கம் போவது, மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், இவையெல்லாம் அங்கேதான். மதுரை மணி ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பாட்டு இன்று நம்மிடம் பெரும்பாலும் கச்சேரி டேப்புகளாகத்தான் இருக்கிறது. "கா வா வா" கேட்டுப் பாருங்கள். வராளி, பாபநாசம் சிவன் பாட்டு. சபையில் யாரோ இருமுவார்கள். நாற்காலி இழுபடும். அந்தச் சத்தத்தோடு சேர்த்துத்தான் அது கச்சேரி.

ஆகவே உங்கள் பத்தில் முழுக் கச்சேரி இரண்டாவது இருக்கட்டும். இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் என்று அரியக்குடியைச் சொல்வார்கள். அவருடைய கச்சேரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எம்.எஸ். 1977-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடியது. பதிவும் நன்றாக இருக்கும். துண்டு துண்டாகக் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வர்ணத்திலிருந்து மங்களம் வரை ஒரே இருப்பில் கேளுங்கள்.

பதிவின் தரத்தை எப்படிப் பார்ப்பது?

மூன்று சோதனை சொல்கிறேன். பேலில் கைப்பிடி பிடுங்குகிற மாதிரி.

ஒன்று, தம்பூரா கேட்கிறதா? பாட்டு நிற்கிற இடத்தில் பின்னால் தம்பூரா தெளிவாக இருந்தால் பதிவு பரவாயில்லை. அதுவே போய்விட்டிருந்தால், பழைய பதிவிலிருந்து இரைச்சலை நீக்குகிறேன் என்று யாரோ அதிகமாகத் துடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். குரலும் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்.

இரண்டு, மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் கேட்கிறதா? வலந்தலை டிக் டிக் என்று எல்லாவற்றிலும் கேட்கும். தொப்பி, அதாவது இடது பக்கத்துக் கும் கும் சத்தம், கேட்கிறதா என்று பாருங்கள். இதை செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் சோதிக்க முடியாது. இயர்போனாவது போட வேண்டும்.

மூன்று, வேகம். பழைய டேப்பை வேகமாக ஓடும் மெஷினில் போட்டுப் பிரதி எடுத்தால் சுருதி ஏறிவிடும். பொதுவாக ஆண்கள் ஒன்று, ஒன்றரை கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். கிட்டப்பா மாதிரி உச்சத்தில் பாடியவர்கள் விதிவிலக்கு. உங்களுக்குத் தெரிந்த குரல் திடீரென்று சின்னப் பையன் குரலாகக் கேட்டால் டேப் ஓடிய வேகத்தைச் சந்தேகப்படுங்கள். செல்போனில் சுருதிப் பெட்டி இலவசமாகவே கிடைக்கிறது, ஒத்துப் பார்க்கலாம்.

நம் பக்கத்து வாத்தியம்

பத்தில் இரண்டாவது நாகசுரம் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நாம் நாகசுரத்தைக் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் கேட்கிறோம். உட்கார்ந்து கேட்பதில்லை.

டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பேசப்பட்டது. அதை ஒன்று. அவருடைய சீடர் காருக்குறிச்சி அருணாசலம் நம் பக்கத்து மனிதர். பிறந்தது திருநெல்வேலிச் சீமையில் காருக்குறிச்சி, பிறகு வாழ்ந்தது கோவில்பட்டி. 1964-லேயே போய்விட்டார். "சிங்கார வேலனே" மட்டும் கேட்டுவிட்டு அவரை நிறுத்திவிடாதீர்கள். அவர் ராக ஆலாபனை வாசித்த பதிவுகள் இருக்கின்றன. அதில் ஒன்றைத் தேடி எடுங்கள். நாகசுரம் திறந்த வெளிக்கான வாத்தியம். நம் அபார்ட்மென்ட் ஹாலில் சத்தமாக வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சங்கத்தில் புகார் கொடுப்பார், நியாயம்தான். சத்தத்தைக் குறைத்து, இரவு ஒன்பது மணிக்கு மேல், ஜன்னலோரம் உட்கார்ந்து கேளுங்கள். தூரத்துக் கோவிலில் வாசிப்பது போலவே இருக்கும்.

நான் செய்த தவறு

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

என் அப்பா பெரிய கேசட் பைத்தியம். வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. திருநெல்வேலி வானொலியில் கச்சேரி வந்தால் அதில் பதிவு செய்வார். கோவில் திருவிழாவுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போவார். மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து பதிவு செய்வார். அப்பா போன பிறகு எண்ணிப் பார்த்தால் முந்நூற்று நாற்பது கேசட். பாதி கடையில் வாங்கியது, அழகாக அச்சடித்த உறையோடு இருந்தது. மீதி அவரே பதிந்தது. அவற்றின் மேலே பால்பாயின்ட் பேனாவில் "காம்போதி, நல்ல தனி" என்று இருக்கும். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம் எதுவும் இருக்காது. அவருக்குத்தான் தெரியுமே, எதற்கு எழுத வேண்டும்? பலவற்றில் அதுகூட இல்லை.

பழைய வீட்டைக் கொடுத்துவிட்டு இந்த இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வந்தபோது இடம் இல்லை. உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கஷ்டம் தெரியும். எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது? நான் சீட்டைப் பார்த்தேன். அச்சடித்த உறை உள்ளதையெல்லாம் வைத்துக்கொண்டேன். பெயர் இல்லாததைச் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டேன். கிலோ கணக்கில் ஏதோ கொடுத்தார்கள்.

நான்கு மாதம் கழித்து டூ-இன்-ஒன்னையும் கொடுத்துவிடலாம் என்று திறந்தால் உள்ளே ஒரு கேசட் மாட்டிக்கொண்டிருந்தது. போட்டுப் பார்த்தேன். ஏதோ ஒரு கோவில் திருவிழா. நாகசுரம். வாசிப்பவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நடுவில் வாணவேடிக்கைச் சத்தம். ஒரு குழந்தை அழுகிறது. அம்மா ஏதோ சொல்கிறாள். உடனே அப்பாவின் குரல், மைக்குக்குப் பக்கத்தில்: "ஏ, பேசாம இரு, தோடி ஆரம்பிச்சிட்டாரு."

அவ்வளவுதான். அதற்கு மேல் இருபத்தைந்து நிமிஷம் தோடி.

நான் பத்திரமாக வைத்துக்கொண்ட அச்சடித்த கேசட்டுகளில் இருந்த பாட்டு அத்தனையும் இன்று இணையத்தில் கிடைக்கிறது. நான் எறிந்தது எங்கேயும் கிடைக்காது. அதில் எத்தனை உள்ளூர் வித்வான்கள் இருந்தார்களோ, அப்பா இன்னும் எத்தனை இடத்தில் பேசியிருந்தாரோ. நேர்மாறாகச் செய்திருக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் சீட்டை நம்பாதே என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அதனால்தான் அந்த அறுபத்திரண்டு பெயர் பட்டியலைக் கிழித்தேன். அதில் இருந்ததெல்லாம் பெரிய பெயர்கள், எல்லாம் கடையில் கிடைப்பவை. அது என் காது, என் காலம். உங்கள் சேகரிப்பு உங்களுக்குத் தெரிந்த பாட்டில் தொடங்கி, உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லாத ஒரு பதிவில் முடிய வேண்டும்.

ஆக, அந்தப் பத்து

தம்பதிக்கு நான் கடைசியில் எழுதிக் கொடுத்தது இதுதான். தெரிந்த ஒரு பாட்டு. அதே ராகத்தில் வேறு இரண்டு பாட்டு. அந்த மூன்றில் பிடித்த ஒன்றை வேறொருவர் பாடியது. அவருடைய குருவோ சீடரோ பாடிய ஒன்று. முழுக் கச்சேரி இரண்டு. நாகசுரம் ஒன்று, முடிந்தால் இரண்டு. இத்தோடு ஒன்பது. இன்று பாடிக்கொண்டிருப்பவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்களை முதலில் நேரில் கேளுங்கள். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ கச்சேரி வந்தால் பஸ் ஏறிப் போய்விட்டு வாருங்கள். பிடித்திருந்தால் பிறகு பதிவு வாங்கலாம்.

பத்தாவது இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். அது உங்கள் வீட்டுப் பதிவு. பாட்டி பாடிய தாலாட்டாக இருக்கலாம். பெண்ணின் பாட்டு அரங்கேற்றமாக இருக்கலாம். அக்கா கல்யாணத்து நாகசுரமாக இருக்கலாம். இதுவரை இல்லை என்றால் இந்த வாரமே செல்போனில் பதிவு செய்யுங்கள். பாடத் தெரிந்த பெரியவர்கள் நம் கட்டடத்திலேயே நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

எல்லாப் பதிவுக்கும் ஐந்து விவரம் எழுதுங்கள்: பாடியவர், பக்கவாத்தியம், என்ன பாட்டு, எந்த ஊர், எந்தத் தேதி. தெரியாததற்கு "தெரியாது" என்று எழுதுங்கள். ஊகத்தை உண்மையாக எழுதிவிடாதீர்கள், அது பிறகு திருத்த முடியாமல் போகும்.

பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு நான்கு வார்த்தை. வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் உடனே ஓட்டாதீர்கள், மெஷினின் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். டேப்புக்குப் பின்னால் ஒரு சின்ன பஞ்சு இருக்கும், அது விழுந்திருந்தால் சத்தம் மங்கிவிடும், வேறு கூட்டுக்கு மாற்றினால் சரியாகும். ஓட்டுவதற்கு முன் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றித் தளர்வை எடுங்கள், நமக்கெல்லாம் பழக்கமான வேலைதான். கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது முதலில் 'வேவ்' கோப்பாகவே எடுத்து வையுங்கள், ஒரு மணி நேரத்துக்கு அறுநூறு எம்.பி. சொச்சம் வரும். எம்பி3 அதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அப்பாவின் டூ-இன்-ஒன்னை ரிப்பேர் செய்துவிட்டேன், நன்றாக ஓடுகிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நம் சங்க அறையில் வைத்திருக்கப் போகிறேன். உங்கள் பரணில் பெயர் இல்லாத கேசட் ஏதாவது இருந்தால் எறிவதற்கு முன்னால் கொண்டு வாருங்கள். எல்லாரும் சேர்ந்து கேட்போம். எனக்கு ராகம் தெரியாவிட்டால் மூன்றாவது மாடி டீச்சருக்குத் தெரியும். குரல் யாருடையது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.

என்னிடம் இருக்கும் அந்த ஒரு கேசட்டையும் அன்று போடுகிறேன். வாசித்தவர் யார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தாலும் தெரியலாம்.